கவிழ்வதுதான் முதல் பாடம்

கனூ ஓட்டக் கற்றுத்தரும் ஒழுங்கான பள்ளிகளில் ஆரம்பத்திலேயே ஒரு காரியம் செய்யச் சொல்வார்கள்: படகைக் கவிழ்க்க வேண்டும். துடுப்பை எப்படிப் பிடிப்பது, படகை எப்படித் திருப்புவது என்பதெல்லாம் அப்போது அரைகுறையாகத்தான் தெரிந்திருக்கும். பயிற்சியாளர் மார்பளவுத் தண்ணீரில் படகை நிறுத்தி, ஒவ்வொருவருடைய லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டையையும் மேலே இழுத்துப் பார்ப்பார். தாடைவரை ஏறி வந்தால் வார்களை இன்னும் இறுக்கச் சொல்வார். பிறகு, "ரெண்டு பேரும் ஒரே பக்கம் சாயுங்க" என்பார். அடுத்த நொடி எல்லாம் தலைகீழ். காதிலும் மூக்கிலும் தண்ணீர் ஏறியிருக்கும்.

தலையைத் தூக்கியதும் செய்ய வேண்டியதற்கு வரிசை உண்டு. முதலில் கூட வந்தவர் எங்கே என்று பார்க்க வேண்டும். அடுத்து படகைப் பிடித்துக்கொள்ள வேண்டும், முடிந்தால் துடுப்பையும். கரை கூப்பிடு தூரத்தில் இருப்பதுபோலத் தெரிந்தாலும் சட்டென்று படகை விட்டுவிட்டு நீந்தக் கூடாது. தண்ணீரில் கிடப்பவர் போடும் தூரக் கணக்கு பெரும்பாலும் தப்பாகத்தான் முடியும். ஓடும் ஆறு என்றால் படகுக்கு மேல்நீர்ப் பக்கமாகப் போய்விட வேண்டும். கீழ்ப்பக்கம் நின்றால், தண்ணீர் நிரம்பிப் பல நூறு கிலோவாகிவிட்ட படகுக்கும் பாறைக்கும் நடுவில் மனிதர் நசுங்க நேரும். வேகமான ஓட்டத்தில் எழுந்து நிற்கவே கூடாது. பாதம் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டால், முழங்காலளவுத் தண்ணீரே ஆளை முன்பக்கமாக அமுக்கிவிடும்.

அடுத்தது, கவிழ்ந்தவரைக் காப்பாற்றும் பாடம். உதவிக்கு வரும் கனூ, கவிழ்ந்த கனூவுக்குக் குறுக்காக நின்றுகொள்ளும். கவிழ்ந்ததைத் தலைகீழாகவே, ஒரு முனையைத் தூக்கி, தங்கள் படகின் விளிம்புகள் மேல் இழுத்துப் போடுவார்கள். உள்ளே இருந்த தண்ணீர் வடிந்துவிடும். பிறகு அதை அங்கேயே நிமிர்த்தித் தண்ணீரில் சறுக்கிவிட்டு, இரண்டு படகையும் பக்கவாட்டில் சேர்த்துப் பிடித்துக்கொள்ள, விழுந்தவர்கள் ஒவ்வொருவராக ஏறுவார்கள். பழகிய கைகளுக்கு இது சில நிமிட வேலை. பழகாதவர்கள் செய்யப்போனால் காப்பாற்ற வந்த படகும் கவிழும்.

இப்படிக் கவிழ்ந்து கவிழ்ந்து பழகிய ஒருவர் அலையடிக்கும் ஏரியில் இறங்குகிறார். ஒன்றும் பழகாத இன்னொருவரும் அதே காற்றில், அதே ஏரியில் இறங்குகிறார். இருவரில் யார் துணிச்சல்காரர்? முதலாமவருக்குத்தான் எல்லாம் தெரியுமே, அவருக்கென்ன பயம், தெரியாமலே இறங்குகிறவர்தானே வீரர் என்று தோன்றலாம். சாக்ரடீஸ் இதே கேள்வியைக் கிணற்றை வைத்துக் கேட்டிருக்கிறார்.

பிளேட்டோவின் 'லாக்கீஸ்' உரையாடலில் ஏதென்ஸைச் சேர்ந்த இரண்டு தகப்பன்மார், பிள்ளைகளுக்குக் கவசமணிந்து போரிடும் வித்தையை ஒரு வாத்தியாரிடம் கற்றுக்கொடுக்கலாமா என்று லாக்கீஸ், நிக்கியாஸ் என்ற இரண்டு தளபதிகளிடம் யோசனை கேட்கிறார்கள். லாக்கீஸுக்கு அந்த வாத்தியார் மேல் மரியாதையே இல்லை. அந்த ஆள் ஈட்டியும் அரிவாளும் சேர்ந்த விசித்திர ஆயுதம் ஒன்றோடு கப்பலில் சண்டைக்குப் போனதையும், அது எதிரிக் கப்பலின் கயிறுகளில் மாட்டிக்கொள்ள, விடவும் மனமில்லாமல் இழுக்கவும் முடியாமல் தளத்தின் ஓரமாகவே ஓடியதையும், இரண்டு கப்பல்காரர்களும் விழுந்து விழுந்து சிரித்ததையும் சொல்கிறார். தத்துவ நூல்களில் இப்படிச் சிரிப்பு வரும் இடங்கள் அதிகம் இல்லை.

பேச்சு வளர்ந்து, துணிவு என்றால் என்ன என்ற கேள்வியில் வந்து நிற்கிறது. வித்தை தெரியாமல் கிணற்றில் குதிக்கிறவன் தெரிந்து குதிக்கிறவனைவிடத் துணிவுள்ளவனா என்று சாக்ரடீஸ் கேட்க, லாக்கீஸ் ஆமாம் என்று ஒத்துக்கொண்டு மாட்டிக்கொள்கிறார். அப்படியென்றால் மடத்தனம்தான் துணிவா? நிக்கியாஸ் வேறு விடை தருகிறார். எதற்கு அஞ்ச வேண்டும், எதை நம்பலாம் என்று அறிந்திருப்பதே துணிவு என்பது அவர் கட்சி. ஆகவே சிங்கத்துக்கும் சிறு பிள்ளைகளுக்கும் துணிவு என்ற பேச்சே இல்லை. அவர்களுக்கு இருப்பது விவரம் தெரியாததால் வந்த பயமின்மை மட்டுமே.

அரிஸ்டாட்டில் இதைக் கடற்கரைக்கே கொண்டு வந்தார். நிலநடுக்கத்துக்கும் அலைகளுக்கும் கெல்ட் இனத்தார் அஞ்சுவதில்லை என்று அவர் காலத்தில் ஒரு பேச்சு இருந்தது. அப்படி எதற்குமே அஞ்சாதவன் துணிவுள்ளவன் அல்லன், பித்தன் அல்லது மரத்துப்போனவன் என்கிறார் அவர். கூடவே நுட்பமான வேறொன்றும் சொல்கிறார்: புயலில் மாலுமி கலங்காமல் இருப்பதும் மற்றவர் கலங்காமல் இருப்பதும் ஒன்றல்ல. மாலுமிக்கு அனுபவம் தரும் நம்பிக்கை இருக்கிறது.

இது வெறும் நூலறிவுச் சண்டை இல்லை என்பதற்கு 1978 ஜூன் 11 சாட்சி. கனடாவில் ஒன்டாரியோ, கியூபெக் மாகாணங்களின் எல்லையில் டிமிஸ்கேமிங் ஏரி இருக்கிறது. நீளவாக்கில் நூறு கிலோமீட்டருக்கு மேல் போகும், ஆழமான, குளிர்ந்த ஏரி. ஒன்டாரியோவின் புனித யோவான் பள்ளியைச் சேர்ந்த 27 சிறுவர்களும் 4 பெரியவர்களும் 22 அடி நீளமுள்ள நான்கு கனூக்களில் வடக்கே ஜேம்ஸ் விரிகுடா வரை போவதற்காக அன்று காலை கிளம்பினார்கள். இரவெல்லாம் சாலைப் பயணம், தூக்கம் போதவில்லை. பிற்பகலில் காற்று ஏறியது. ஒரு கனூ கவிழ்ந்தது. உதவிக்குப் போனதும் கவிழ்ந்தது. மொத்தம் மூன்று. 12 சிறுவர்களும் ஓர் ஆசிரியரும் இறந்துபோனார்கள்.

அந்தப் பள்ளி எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் விஷயம் முழுதாகப் புரியும். பத்திரிகையாளர் டெட் பைஃபீல்டும் ஆசிரியர் ஃபிராங்க் வீன்ஸும் மனிடோபாவில் தொடங்கிய ஆங்கிலிக்கன் கிறிஸ்தவ அமைப்பு ஒன்று நடத்திய மூன்று பள்ளிகளில் அதுவும் ஒன்று. அங்கே ஆசிரியருக்குச் சாப்பாடும் தங்க இடமும் போக, நாளுக்கு ஒரு டாலர் ஊதியம். மாணவர்கள் குளிர்காலத்தில் பனிக்காலணி கட்டிக்கொண்டு மைல்கணக்கில் நடக்க வேண்டும், வீடு வீடாகப் போய்த் தேன் விற்றுப் பள்ளிக்குப் பணம் திரட்ட வேண்டும். தப்பு செய்தால் அடி உண்டு. கோடையில், பழைய விலங்குத்தோல் வணிகர்கள் போன வழியில் நெடுந்தூரக் கனூப் பயணம். சொகுசு பிள்ளைகளின் ஆன்மாவைக் கெடுக்கிறது, கஷ்டம்தான் மனிதனை உருவாக்கும் என்ற உறுதியான நம்பிக்கை இவற்றின் அடியில் இருந்தது. அதைக் கேலி செய்வது எளிது, நியாயமல்ல. நாளுக்கு ஒரு டாலருக்கு உழைத்தவர்களின் எண்ணத்தில் கள்ளம் இருந்ததாகச் சொல்ல முடியாது. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் சிலரே பள்ளியின் பக்கம் நின்றார்கள்.

ஜேம்ஸ் ராஃபன் 2002இல் வெளியிட்ட 'டீப் வாட்டர்ஸ்' என்ற நூல் இந்த விபத்தைத் திரும்பவும் தோண்டி எடுத்தது. ராஃபன் கல்வியாளர், அவரே கனூக்காரர். ஆகவே காற்றையும் விதியையும் நொந்துகொண்டு அவர் நிறுத்தவில்லை. பெரிய படகுகளை அலையில் ஓட்டியவர்களின் அனுபவக் குறைவு, சிறுவர்களின் களைப்பு, படகின் நிலைப்புத்தன்மை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். கவிழ்ந்தால் என்ன செய்வது என்று ஒத்திகை பார்க்கப்படவில்லை. பனியில் நடக்கப் பழக்கினார்கள், வலியைப் பொறுக்கப் பழக்கினார்கள். கவிழப் பழக்கவில்லை.

இத்தனைக்கும் சிறுவர்கள் லைஃப் ஜாக்கெட் அணிந்திருந்தார்கள். அமெரிக்கக் கடலோரக் காவல் படை ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கில், படகு விபத்துகளில் மூழ்கி இறப்பவர்கள் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் அதை அணியாதவர்கள்தான். ஆக, அது உயிர்காக்கும் பொருள் என்பதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அது மிதக்க வைக்கும், சூடேற்றாது. மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட், குளிர்ந்த நீரில் தன் உடம்பையே பலமுறை சோதனைக்குக் கொடுத்தவர். அவர் பிரபலமாக்கிய கணக்கு 1-10-1. மிகக் குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு மூச்சை வசத்துக்குக் கொண்டுவர ஒரு நிமிடம் இருக்கிறது. கையும் காலும் சொன்னபடி கேட்கப் பத்து நிமிடம். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம். முதல் நிமிடத்தில் மூச்சு தானாக இழுத்து வாங்கும். அந்த நேரத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால் நுரையீரலில் தண்ணீர்தான் ஏறும். பத்து நிமிடத்துக்குப் பிறகு விரல்களால் கயிறு பிடிக்க முடியாது. மன உறுதியால் இரத்தக்குழாய்களுக்கு உத்தரவு போட முடியாது. செபத்துக்கும் தவத்துக்கும் அந்தப் பத்து நிமிடம் பதினொன்றாவதில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்வது என்று முன்கூட்டியே தெரிந்த கைகள் படகை நிமிர்த்திவிடும்.

அப்படியானால் கடவுள்மேல் பாரத்தைப் போடுவது என்பதற்கு என்ன பொருள்? கிறிஸ்தவ மரபுக்குள்ளேயே இதற்குத் தெளிவான பதில் இருக்கிறது, அது அந்தப் பள்ளியின் நம்பிக்கைக்குச் சாதகமாக இல்லை என்பதுதான் சங்கடம். மத்தேயு நற்செய்தியில் சாத்தான் இயேசுவைக் கோயிலின் உச்சியில் நிறுத்தி, கீழே குதி, தேவதூதர்கள் தாங்குவார்கள் என்கிறான். கடவுளைச் சோதிக்கக் கூடாது என்று இயேசு மறுத்துவிடுகிறார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் இதைத் தனிக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். ஒருவர் தன்னால் ஆனதைச் செய்யாமல், தேவையும் பயனும் இல்லாத இடத்தில் கடவுளின் உதவியை எதிர்பார்த்து இறங்கினால், அது கடவுளைச் சோதிப்பது. இதை அவர் எந்தப் பட்டியலில் வைத்தார் என்பது முக்கியம். பக்தி மிகுந்துபோனதால் வரும் குறையாக வைக்கவில்லை. பக்திக்கே எதிரான பாவங்களோடு சேர்த்துவிட்டார்.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு குறள் நினைவுக்கு வரும். அஞ்ச வேண்டியவற்றுக்கு அஞ்சாதிருப்பதைப் பேதைமை என்று சொல்லும் குறள் அது. வள்ளுவர் அதைப் படைச்செருக்கிலோ ஊக்கமுடைமையிலோ வைக்காமல் அறிவுடைமை அதிகாரத்தில் வைத்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. நிக்கியாஸ் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

நிக்கியாஸின் கதை முடிந்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும். துணிவு என்பது அறிவு என்று உரையாடலில் வாதாடுகிறவர் இவர். போரில் நிமித்திகனின் பேச்சைக் கேட்டுத் தளபதி நடக்க வேண்டுமென்று சட்டம் சொல்லவில்லை, தளபதிக்குக் கீழேதான் நிமித்திகன் என்று சாக்ரடீஸ் அதே உரையாடலில் இவரிடம் நினைவூட்டுகிறார். கி.மு. 413இல் ஏதென்ஸ் படை சிராக்கியூஸ் துறைமுகத்திலிருந்து தப்பிக் கிளம்பத் தயாரான இரவில் சந்திர கிரகணம் வந்தது. நிமித்திகர்கள் 27 நாள் பொறுக்கச் சொன்னார்கள், நிக்கியாஸ் பொறுத்தார். அதற்குள் துறைமுக வாய் அடைபட்டது, கப்பற்படை அழிந்தது, நிக்கியாஸும் கொல்லப்பட்டார். பிளேட்டோ இதை எழுதும்போது அந்த முடிவு ஏதென்ஸில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அறிந்தவர் என்பதும் அறிந்தபடி நடந்தவர் என்பதும் வேறு வேறு என்று காட்டத்தான் இந்த ஆளையே தேர்ந்தெடுத்தாரோ என்னவோ.

மதத்தின் பெயரால்தான் இப்படி நடக்கும் என்று நினைத்தால் அதுவும் தவறு. 1993 மார்ச் 22 அன்று இங்கிலாந்தின் லைம் வளைகுடாவில் பிளிமத் நகரப் பள்ளி மாணவர்கள் 8 பேர், ஓர் ஆசிரியர், இரண்டு பயிற்சியாளர்கள் கயாக்குகளில் கிளம்பினார்கள். கரையோரமாகவே பக்கத்து ஊர் வரை போய்வரும் சிறு பயணம். காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசியது. கயாக்குகளில் தண்ணீர் ஏறியது. அவசர ஒளிக்குண்டுகள் கையில் இல்லை, மீட்புக்கு ஆள் வர மணிக்கணக்கில் ஆயிற்று. நான்கு மாணவர்கள் இறந்தார்கள். பயிற்சி மையத்தை நடத்திய நிறுவனத்துக்கு, அங்கே வேலைபார்த்த இரண்டு பயிற்சியாளர்கள் முந்தைய ஆண்டே பாதுகாப்பு சரியில்லை என்று கடிதம் எழுதி எச்சரித்திருந்தார்கள். 1994இல் அந்த நிறுவனமும் அதன் இயக்குநரும் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்தில் தண்டிக்கப்பட்டார்கள். ஒரு நிறுவனமே அந்தக் குற்றத்தில் தண்டனை பெற்றது இங்கிலாந்தில் அதுவே முதல் முறை. 1995இல் இளைஞர் சாகச மையங்களுக்கு உரிமம் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. இங்கே ஆன்ம வளர்ச்சி பற்றிய பேச்சே இல்லை, வியாபாரம்தான். ஆனாலும் தண்ணீருக்குப் போன பிள்ளைகளின் நிலை டிமிஸ்கேமிங்கில் இருந்ததுதான். ஆபத்தை அளந்தவர்கள் வேறு யாரோ. அல்லது அளக்காமல் விட்டவர்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. ஆபத்தே அண்டாமல் வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு எதற்கு அஞ்சுவது என்று எப்படித் தெரியும்? ஹிட்லரை எதிர்த்துச் சிறைப்பட்டு, ஜெர்மனியிலிருந்து பிரிட்டனுக்கு வந்த கல்வியாளர் கர்ட் ஹான், கப்பல் கம்பெனிக்காரர் லாரன்ஸ் ஹோல்ட்டோடு சேர்ந்து 1941இல் வேல்ஸின் அபர்டோவியில் 'அவுட்வர்ட் பவுண்ட்' பள்ளியைத் தொடங்கியபோது இதுதான் பிரச்சினை. குண்டுபட்டு மூழ்கும் கப்பல்களிலிருந்து வயதான மாலுமிகள் பிழைத்து வர, வலுவுள்ள இளைஞர்கள் உயிரை விட்டுவிடுகிறார்கள் என்பது ஹோல்ட்டின் கவலை. கடலைக் கண்டிராதவர்களுக்குக் கடலைக் காட்ட வேண்டியிருந்தது. துணிவான செயல்களைச் செய்து செய்துதான் துணிவு வரும் என்று அரிஸ்டாட்டிலும் சொல்கிறார். பயிற்சி வகுப்பில் கவிழச் சொல்வதன் நியாயமும் அதுதான்: நிஜமான தண்ணீர், நிஜமான திகைப்பு. ஆனால் மார்பளவு ஆழம், பக்கத்தில் ஆள். ஆபத்தின் அளவைக் கையில் வைத்திருப்பவர் ஒருவர் அங்கே இருக்கிறார்.

டிமிஸ்கேமிங்கில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பள்ளியையும் வேறொரு கனூக்காரரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிக்கல் எங்கே என்று தெரியும். பின்னாளில் கனடாவின் பிரதமரான பியர் ட்ரூடோ 1941இல் நண்பர்களோடு மான்ட்ரியாலிலிருந்து வடக்கே விரிகுடா வரை கனூவில் போனார். 1944இல் ஒரு கத்தோலிக்க மாணவர் இதழில் கனூப் பயணத்தைத் துறவோடு ஒப்பிட்டுக் கட்டுரை எழுதினார். தேவையில்லாததையெல்லாம் கரையில் விட்டு, உடம்பை வருத்தி, மனத்தைத் தெளிவாக்கிக்கொள்வது பற்றிய கட்டுரை. அந்தப் பள்ளியின் கொள்கையிலிருந்து இது எவ்வளவு தூரம்? சொற்களில் அதிக தூரமில்லை. ஆனால் ட்ரூடோ அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர், தன் உடம்பைத் தானே பணயம் வைத்தார். தவம் செய்கிறவர் தன் வயிற்றைத்தான் காயப்போட முடியும், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வயிற்றை அல்ல. பன்னிரண்டு வயதுப் பையன் ஏரியைப் பார்த்து "இன்னிக்கு வேண்டாம்" என்று சொல்லும் அறிவும் அதிகாரமும் இல்லாதவன். நிக்கியாஸின் கணக்குப்படி அவன் துணிந்ததாகவே ஆகாது. அவன் சார்பில் அஞ்ச வேண்டியது ஆசிரியரின் வேலை. அந்த அச்சத்தையே கோழைத்தனம் என்று நினைக்கப் பழக்கிவிட்ட இடத்தில் அந்த வேலையைச் செய்ய யாருமில்லாமல் போனது.

கனடாவின் இன்னொரு பக்திமான் பில் மேசன். வின்னிபெக்கில் பிறந்து 1988இல் மறைந்த திரைப்படக்காரர், கனூ ஓட்டிகளுக்கு ஆசான்போன்றவர். தீவிரக் கிறிஸ்தவர், 'வாட்டர்வாக்கர்' படத்தில் ஏரியையும் காட்டையும் படைத்தவனின் கைவேலையாகவே பார்க்கிறார். ஆனால் 'பாத் ஆஃப் த பேடில்' படங்களிலும் நூலிலும் அவர் கற்றுத்தருவது வேறு தினுசான பக்தி. பாறைகளுக்கிடையே நுரைத்துப் பாயும் இடம் வந்தால் படகைக் கரையில் கட்டு. இறங்கி நட. எங்கே கல், எங்கே சுழி, எந்த வழியாகப் போவது, கவிழ்ந்தால் ஆள் எங்கே போய் ஒதுங்குவார் என்று பார். சந்தேகமிருந்தால் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு கரைவழியே போய்விடு.

பல கனூக் குழுக்களில் இன்றும் ஒரு வழக்கம் இருக்கிறது. அந்த இடத்தில் குழுவில் யாராவது ஒருவர், அன்றைக்குத்தான் சேர்ந்தவராக இருந்தாலும், "நான் நடந்தே வந்துடறேன்" என்று சொன்னால் யாரும் காரணம் கேட்பதில்லை. முப்பது கிலோவுக்கு மேல் கனக்கும் பதினாறடிப் படகைத் தலைகீழாகக் கவிழ்த்து, நடுக்கட்டையைத் தோளில் தாங்கி, காட்டுப்பாதையில் வேரும் சேறும் மிதித்துப் போக வேண்டும். ஜூன் மாதக் கனடாக் காட்டில் அந்தப் பாதையில் யாரும் துணிச்சலைப் பற்றிப் பேசுவதில்லை, கொசுவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இரண்டு கையும் படகைப் பிடித்திருப்பதால் விரட்டவும் வழியில்லை.